வரியா, தடையா, கையில் காசா?

கும்பகோணம் பக்கம் அரிசிக் கடைகளில் 26 கிலோ சிப்பம் அடுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்பெல்லாம் 25 கிலோதான். 2022 ஜூலை 18 முதல், பிராண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், 25 கிலோ வரைக்கும் லேபிள் ஒட்டிக் கட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி என்றார்கள். மில்காரர்கள் ஒரு கிலோவைக் கூடப் போட்டுக் கட்டிவிட்டார்கள். அவ்வளவுதான், வரி இல்லை. வரியை வைத்து நாட்டுப் பொருளாதாரத்தைத் திருப்பலாம் என்று யாராவது பேசினால் எனக்கு இந்த ஒரு கிலோதான் ஞாபகம் வரும்.

அதற்காக வரியே உதவாது என்று சொல்ல வரவில்லை. 2023இல் அரிசி விலை ஏறியபோது மத்திய அரசு இரண்டு வழியையும் கையில் எடுத்தது: ஜூலை 20ஆம் தேதி பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடை, ஆகஸ்ட் 25ஆம் தேதி புழுங்கலுக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி. தடை என்பது கதவைச் சாத்துவது. வெளிநாட்டில் வாங்குபவர் தாய்லாந்துக்கும் வியட்நாமுக்கும் போய்விடுவார், கஜானாவுக்கும் பைசா வராது, அப்புறம் எந்த நாட்டுக்கு விதிவிலக்கு என்று டெல்லியில் தனியாக ஒரு கச்சேரி நடக்கும். வரியில் அப்படியில்லை. சிங்கப்பூரில் புழுங்கல் பொன்னிதான் வேண்டும் என்பவர் கூடக் கொடுத்தாவது வாங்கலாம், விலை தணிந்ததும் படிப்படியாக இறக்கவும் முடியும். 2024 செப்டம்பரில் 10 ஆக்கி, அக்டோபரில் எடுத்தே விட்டார்கள். ஆனால் அந்த 20 சதவீதம் யார் தலையில்? ஏற்றுமதியாளர் மில்லில் குறைத்துக் கேட்பார், மில் வியாபாரியிடம் கேட்கும், வியாபாரி களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் கேட்பார். இருந்தும் தடையா வரியா என்றால் என் ஓட்டு வரிக்குத்தான்.

ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும்போது வரி சரி. விவசாயிக்கு உதவி கொடுக்கும்போது? அங்கேதான் எனக்கு வரியில் நம்பிக்கை குறைகிறது. விவசாய வருமானத்துக்கு வருமான வரியே கிடையாது, வரி கட்டாதவருக்கு அதில் என்ன சலுகை கொடுக்க முடியும்? மிஞ்சுவது ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு 12 சதவீதம் 5 ஆனது. வரிக்கு முன் 7 லட்சம் விலையுள்ள வண்டியில் 49,000 ரூபாய் மிச்சம், நல்ல பணம்தான். ஆனால் அது வண்டி வாங்குபவருக்கு. மணிக்கணக்கில் வாடகைக்கு உழவு ஓட்டச் சொல்பவருக்கு அதில் எவ்வளவு வந்து சேரும் என்பது டிராக்டர்காரர் மனசைப் பொறுத்தது.

விவசாயிகளுக்கு மத்திய அரசு பணமாகவே கொடுக்கும் பிஎம் கிசான் திட்டத்தில் வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. சின்னத் தொகை, ஆனால் நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது, பட்ஜெட்டிலும் கண்ணில் படுகிறது, கேள்வியும் கேட்கிறார்கள். 2019இல் கம்பெனி வரியை 30 சதவீதத்திலிருந்து 22 ஆக்க ஒரு அவசரச் சட்டம் போதுமாக இருந்தது; அரசே சொன்ன கணக்கில் வருடத்துக்கு 1.45 லட்சம் கோடி இழப்பு. வரிச்சலுகையாகப் போனால் யாரும் அதை மானியம் என்று சொல்வதில்லை, பாருங்கள்.

ஆனால் கிசான் பணம் நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு உழுபவர்கள் எத்தனை பேர்! வண்டியும் சொந்தமில்லை, பட்டாவும் இல்லை. அப்படிப்பட்டவருக்கு மிஞ்சுவது டி.பி.சி.யில், அதாவது அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில், மூட்டைக்குக் கிடைக்கும் விலைதான், அதற்கும் என்ன பயிர் என்று காட்டும் அடங்கல் வாங்க வி.ஏ.ஓ. வீட்டு வாசலுக்கு நடக்க வேண்டும்.