டிஎல்டி பதிவைப் பல்க் எஸ்எம்எஸ் விற்பவரிடம் ஒப்படைத்ததால் பட்ட பாடு

சொந்தக் கடையின் பெயரில் வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப நினைப்பவர்கள், ஆள் பிடிப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் ஜவுளிக்கடையின் பெயரும் பதிவும் ஏறத்தாழ ஒரு மாதம் இன்னொருவர் கைப்பேசிக்குள் அடைபட்டுக் கிடந்தன. அதற்கு வழி செய்து கொடுத்தவனும் நானேதான்.

2025 ஆடித் தள்ளுபடிக்காகப் பல்க் எஸ்எம்எஸ் விற்கும் ஒருவரை அணுகினேன். இந்தியாவில் வணிகக் குறுஞ்செய்தி அனுப்பும் எவரும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி ஏதேனும் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் டிஎல்டி எனப்படும் பதிவுத் தளத்தில் தங்கள் நிறுவனத்தையும், அனுப்புநர் பெயராகத் தோன்றும் ஆறெழுத்து ஹெடரையும், செய்தியின் வாசகமான டெம்ப்ளேட்டையும் முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும் என்பது எனக்கு அரைகுறையாகத் தெரியும். "அந்தத் தொல்லையெல்லாம் உங்களுக்கு எதற்கு சார், பான் கார்டும் ஜிஎஸ்டி சான்றிதழும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். கடையின் லெட்டர்ஹெட்டில் அங்கீகாரக் கடிதமும் எழுதிக் கொடுத்தேன். அவர் பதிவை முடித்தது தம்முடைய மின்னஞ்சலையும் தம்முடைய கைப்பேசி எண்ணையும் கொடுத்து என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் அடி கணக்கில் விழுந்தது. 25 பைசா வீதம் 20,000 செய்திகளுக்கு 5,000 ரூபாய் கட்டினேன். எங்கள் பதிவேட்டில் இருந்தவர்கள் 6,200 பேர் என்பதால், மூன்று முறை அனுப்பலாம் என்று மனக்கணக்குப் போட்டிருந்தேன். ஒரே முறை அனுப்பியதும் 1,400தான் மிச்சம். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் வரை கொள்ளும். தமிழில் 70தான், அதையும் தாண்டினால் 67 வீதம் துண்டாக்கி ஒவ்வொரு துண்டையும் தனிச் செய்தியாகக் கணக்கிடுவார்கள். அந்த 70உம் நாம் எண்ணும் எழுத்தல்ல. 'வணக்கம்' நமக்கு ஐந்தெழுத்து, கணினிக்கோ ஒவ்வொரு புள்ளியும் தனிக்குறி என்பதால் ஏழு. பார்வைக்கு நூறு எழுத்துக்கூட இல்லாத எங்கள் செய்தி 150ஐத் தாண்டி மூன்று துண்டாகப் போயிருந்தது. இது விதிப்படி சரியான கணக்குதான். விற்கும்போது அவர் வாயைத் திறக்கவில்லை என்பதுதான் என் புகார்.

இரண்டாவது அடிதான் பெரியது. வாடிக்கையாளர் ஒருவர் கடைக்கு வந்து, கைப்பேசியை நீட்டி, "இது விளம்பரம்தானே, பெயருக்குப் பின்னால் ஏன் எஸ் என்று இருக்கிறது?" என்று கேட்டார். 2025 பிப்ரவரித் திருத்தத்துக்குப் பின் ஹெடரின் கடைசியில் விளம்பரத்துக்கு 'பி', சேவைச் செய்திக்கு 'எஸ்', பரிவர்த்தனைக்கு 'டி', அரசுச் செய்திக்கு 'ஜி' என்று குறி வருகிறது. விளம்பரமே வேண்டாம் என்று 1909 என்ற எண்ணில் பதிந்து வைத்தவர்களையும் எட்டிவிட வேண்டும் என்பதற்காக அவர் தள்ளுபடி அறிவிப்பைச் சேவைச் செய்தியாகப் பதிந்திருந்தார். புகார்கள் போயின, ஹெடர் முடக்கப்பட்டது. ரவிக்கை தைத்துத் தயாராகிவிட்டது என்று சொல்லும் எங்கள் உண்மையான சேவைச் செய்திகளும் அதோடு சேர்ந்து நின்றுபோயின. ஆவணி முகூர்த்த நேரத்தில் தையல் பிரிவுப் பெண்கள் ஒவ்வொருவராகப் போன் போட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று.

நானே பேசிச் சரிசெய்துகொள்கிறேன் என்று லாகின் விவரங்களைக் கேட்டபோது, மாற்றித் தர 8,000 ரூபாய் என்றார். கடவுச்சொல்லை மாற்றலாம் என்று பார்த்தால் ஓடிபி அவருடைய எண்ணுக்கல்லவா போகிறது! கடைசியில் பான், ஜிஎஸ்டி ஆவணங்களுடன் புதிய அங்கீகாரக் கடிதத்தைத் தொலைபேசி நிறுவனத்தின் டிஎல்டி உதவிப் பிரிவுக்கு அனுப்பி, பதிவு பெற்ற தொடர்பு எண்ணை மாற்றிக் கேட்டேன். மூன்று முறை திருப்பி அனுப்பி, நான்காம் முறை ஏற்றார்கள். ஹெடரை விடுவிக்க, இனி விளம்பரத்தை விளம்பரமாகவே பதிவேன் என்று தனியாக ஒரு விளக்கமும் எழுத வேண்டியிருந்தது.

பதிவை உங்கள் மின்னஞ்சல், உங்கள் எண் கொண்டு நீங்களே செய்யுங்கள். விண்ணப்பிப்பது ஒரு பிற்பகல் வேலைதான். செய்தி அனுப்பித் தருபவருக்கு உங்கள் லாகின் தேவையே இல்லை. யார் வழியாகச் செய்தி போகிறது என்ற சங்கிலியைத் தளத்திலேயே அறிவிக்க வேண்டும் என்பது 2024 டிசம்பர் முதல் கட்டாயம். அதில் அவரை இணைத்தால் போதும், பிடிக்காவிட்டால் நீங்களே நீக்கிவிடலாம். செய்தியில் இணைப்பு ஏதும் வைத்தால் அதையும் முன்பே பதிந்துவிடுங்கள். பதியாத இணைப்புள்ள செய்தி 2024 அக்டோபரிலிருந்து வழியிலேயே தடுக்கப்படுகிறது. அவர் இலவசமாகத் தருவதாகச் சொல்லும் 'டேட்டா', அதாவது யாரோ சேர்த்த எண்களின் பட்டியல், பக்கத்திலேயே வரக்கூடாது. எனக்கும் 50,000 எண்கள் தருவதாகச் சொன்னார். நல்ல வேளை, அந்த ஒன்றை மட்டும் வேண்டாம் என்றேன்.

மீதமிருந்த 1,400 செய்திகள் இன்னும் அவரிடமேதான் இருக்கின்றன. கேட்டால், செல்லுபடியாகும் காலம் முடிந்துவிட்டது என்கிறார்.