சீசனில் விளம்பரமா, சீசனுக்கு முன்பா? சர்வீஸ் தொழிலுக்கு எது கட்டுப்படியாகும்

ஏசி சர்வீஸ், பிளம்பிங், கரையான் மருந்து அடிப்பது, மாடி ஒழுகலை அடைப்பது என்று வீடு தேடிப் போய் செய்யும் எந்தத் தொழிலும் வருடம் முழுக்க ஒரே சீராக ஓடாது. மூன்று மாதம் போனை எடுக்க ஆள் போதாது, அடுத்த மூன்று மாதம் போன் அடிக்கவே அடிக்காது. இதற்குத் தகுந்தபடி மார்க்கெட்டிங்கை மாற்றுங்கள் என்று சொல்பவர்கள் ஏராளம், ஆனால் எந்த வழியை எதற்குப் பதிலாக எடுப்பது என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விளம்பரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி, ஆட்கள் சும்மா உட்காரும் வாரங்களை நிரப்பத்தான் போக வேண்டும். ஒரு டெக்னீஷியனின் காலியான நாளை எடுத்து வைத்து அடுத்த மாதம் விற்க முடியாது.

உச்சத்தில் விளம்பரம், அதற்கு முன்பே நினைவூட்டல்

சூடு ஏறிய முதல் வாரத்தில் கூகுள் விளம்பரத்தைத் திறந்துவிடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. தேடுபவர்கள் அப்போதுதான் அதிகம், தேடியதும் கூப்பிடுவார்கள், பலன் உடனே கண்ணுக்குத் தெரியும். ஆனால் கூகுளில் விளம்பர இடம் ஏலத்தில் போகிறது, ஊரில் இருக்கும் அத்தனை ஏசிக்காரர்களும் அதே வாரத்தில் அதே சொல்லுக்கு ஏலம் கேட்கிறார்கள், அதனால் ஒரு கிளிக்கின் விலை வருடத்திலேயே அதிகமாக இருப்பதும் அப்போதுதான். தினசரி பட்ஜெட் இவ்வளவுதான் என்று போட்டிருந்தாலும் தேடல் கூடும் நாளில் அதைப்போல 2 மடங்கு வரை செலவாக கூகுள் விடும், மாதக் கணக்கில்தான் (தினசரி பட்ஜெட்டைப்போல் 30.4 மடங்குக்கு மேல் போகாமல்) அதைச் சரிக்கட்டும். இது தெரியாமல் முதல் மூன்று நாள் செலவைப் பார்த்துவிட்டு பயந்து நிறுத்துபவர்கள் உண்டு.

விலையை விடப் பெரிய சிக்கல் வேறு. உங்களிடம் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வீட்டுக்கு மேல் வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் பணம் கட்டி வாங்கிவிட்டு, 'நாலு நாள் ஆகும் சார்' என்று சொல்லி அடுத்த கடைக்கு அனுப்பி வைக்கிறீர்கள். அவசரத்தில் செய்த வேலைக்கு வரும் ரிவ்யூவும் நன்றாக இருக்காது, அந்த ரிவ்யூ சீசன் முடிந்தும் உங்கள் கடையின் கூகுள் புரொஃபைலில் நிற்கும்.

இதற்கு எதிர்ப்பக்கம் இருப்பது சீசனுக்கு ஐந்தாறு வாரம் முன்பே பழைய கஸ்டமர்களுக்கு ஒரு செய்தி அனுப்புவது. செலவு என்று பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, அனுப்பும் ஆளின் நேரம் மட்டும்தான். ஆனால் 'சம்மர் ஸ்பெஷல் ஆஃபர்! உடனே புக் செய்யுங்கள்!' என்று பத்து ஸ்மைலியோடு அனுப்பினால் யாரும் திறந்துகூடப் பார்க்கமாட்டார்கள். போன முறை போனபோது டெக்னீஷியன் என்ன பார்த்தார் என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் செய்தி இப்படி இருக்கும்: 'சார், போன வருடம் உங்கள் ஹால் ஏசியில் டிரெயின் பைப் அடைத்துத் தண்ணீர் உள்ளே சொட்டியது, சுத்தம் செய்தோம். சூடு தொடங்கும் முன் ஒருமுறை பார்த்துவிடலாம். அடுத்த வாரம் செவ்வாய் காலை அல்லது வியாழன் மாலை, எது வசதி?' இதைப் படித்தவருக்கு அந்தச் சொட்டுத் தண்ணீர் ஞாபகம் வரும், பதில் போடவும் சுலபம், ஏனென்றால் கேள்வி இரண்டு நேரங்களில் எது என்பதுதான்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலை நம்பியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். ஆகவே மார்க்கெட்டிங் வேலை உண்மையில் போன வருடமே, டெக்னீஷியன் வாசலில் செருப்பு மாட்டும்போது 'நம்பரைச் சேவ் பண்ணிக்கோங்க மேடம், ஏதாவதுன்னா இதுக்கே மெசேஜ் போடுங்க' என்று சொன்னதில் தொடங்குகிறது. இதைச் சொல்லப் பழக்காத கடை, எந்த மென்பொருளை வாங்கினாலும் பிரயோஜனமில்லை.

இந்த இரண்டில் என் ஓட்டு தயக்கமில்லாமல் நினைவூட்டலுக்கு. புதிதாகத் தொழில் தொடங்கியவருக்கு மட்டும் விதிவிலக்கு: அவரிடம் பழைய கஸ்டமரே கிடையாது, முதல் சீசனில் விலை கொடுத்துத்தான் ஆளைச் சேர்க்க வேண்டும்.

டல் சீசனில் தள்ளுபடியா, வருட ஒப்பந்தமா

வேலை இல்லாத மாதத்தில் விலையைக் குறைப்பது சட்டென்று செய்யக்கூடியது, அதுதான் அதன் ஆபத்தும். வருடா வருடம் ஒரே மாதத்தில் குறைத்தால் வழக்கமாக வருபவர்களே அதற்காகக் காத்திருக்கப் பழகிவிடுவார்கள், முழு விலை கொடுக்கத் தயாராக இருந்தவரையும் நாமே குறைந்த விலைக்கு இழுத்து வந்த மாதிரி ஆகும். விலையைத் தொடாமல் வேலையைக் கூட்டித் தருவது மேல்: வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டையும் சேர்த்துக் கழுவித் தருகிறோம் என்று சொன்னால், ஆள் எப்படியும் சும்மா இருக்கும் நாளில் உங்களுக்கு அரை மணி நேரம்தான் செலவு.

ஏஎம்சி எனும் வருடப் பராமரிப்பு ஒப்பந்தம் இதைவிட உறுதியானது, பணம் முன்கூட்டியே வரும், வேலையும் உறுதி. ஆனால் பலரும் போடும் ஒப்பந்தத்தில் 'வருடத்துக்கு 2 சர்வீஸ்' என்று மட்டும் இருக்கிறது. எந்த மாதம் என்று எழுதாவிட்டால் அத்தனை பேரும் சூடு வந்த பிறகுதான் கூப்பிடுவார்கள், நெரிசல் குறைவதற்குப் பதிலாக இன்னும் கூடும். ஒன்று சீசனுக்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள், இன்னொன்று சீசன் முடிந்தபின் என்று தாளிலேயே இருக்க வேண்டும். அப்புறம், முன்பணமாக வந்தது இன்னும் செய்யாத வேலைக்கான கடன், லாபக் கணக்கில் சேர்த்துச் செலவழித்துவிட்டால் அடுத்த சீசனில் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கக் கடன் தேட வேண்டியிருக்கும். கையில் இருக்கும் ஆட்களால் செய்து முடிக்கக்கூடிய எண்ணிக்கைக்கு மேல் ஒப்பந்தம் விற்பதும் இதே வகைத் தவறுதான்.

எல்லாத் தொழிலுக்கும் ஏசி கணக்கு பொருந்தாது

மாடி ஒழுகலை எடுங்கள். ஒழுகல் தெரிவது மழையில், ஆனால் வாட்டர்புரூஃபிங் பூச்சு பிடிக்கத் தளம் காய்ந்திருக்க வேண்டும். கஸ்டமர் தேடும் மாதம் ஒன்று, வேலை செய்யக்கூடிய மாதம் வேறு. இங்கே மழைக்காலத்து விளம்பரம் தண்டம் கிடையாது, ஆனால் அது விற்க வேண்டியது பூச்சு வேலையை இல்லை, பார்வையிடலை. மழை பெய்யும்போதே போய், ஈரம் படர்ந்த இடத்தைப் போட்டோ எடுத்து, எங்கிருந்து இறங்குகிறது என்று குறித்து, ஒரு சிறு முன்பணத்தோடு வறண்ட மாதத்துக்குத் தேதி போட்டுவிட வேண்டும். வெயில் வந்ததும் அந்த போட்டோவை அவருக்கே திருப்பி அனுப்புங்கள், ஏனென்றால் சுவர் காய்ந்ததும் மனிதர்களுக்கு ஒழுகல் மறந்துவிடும்.

பூச்சி மருந்துக்காரர்களுக்கு நிலைமை நேர் எதிர். முதல் மழைக்குப் பின் வீட்டுக்குள் ஈசல் பறந்த அன்றுதான் கரையான் பயம் வருகிறது, முன்கூட்டியே சொன்னால் காதில் ஏறாது. இவர்களுக்கு உச்ச நேர விளம்பரம்தான் சரி, மழை பெய்த மறுநாளே ஓடத் தொடங்கும்படி தயாராக வைத்திருக்க வேண்டும்.

காசு செலவில்லாத வேலைகள்

கூகுள் பிசினஸ் புரொஃபைலா (கூகுள் தேடலிலும் மேப்பிலும் தெரியும் உங்கள் கடையின் பக்கம்), சொந்த வலைத்தளமா என்று கேட்டால் நேரம் குறைவாக இருப்பவர் புரொஃபைலை எடுக்கலாம். அதில் என்ன தொழில் என்று காட்ட ஒரு முதன்மை வகையும் கூடுதலாக 9 வகைகளும் வைக்கலாம்; ஏசியும் ஹீட்டரும் இரண்டுமே பார்ப்பவர்கள் பருவத்துக்கு ஏற்ப முதன்மை வகையை மாற்றுகிறார்கள். இரண்டும் உண்மையிலேயே உங்கள் தொழிலாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். வலைத்தளம் இருந்தால் சீசன் பக்கத்தை வருடா வருடம் புதிதாக உருவாக்காதீர்கள், முகவரியில் வருடத்தைச் சேர்க்காமல் ஒரே பக்கத்தை வைத்து உள்ளே மட்டும் புதுப்பியுங்கள். மாற்றங்கள் தேடலில் தெரிய சில நேரம் மாதக்கணக்கில் ஆகும் என்று கூகுளே சொல்கிறது, ஆகவே சூடு வந்தபின் பக்கத்தைத் திருத்துவது அடுத்த வருடத்துக்குத்தான் உதவும்.

எப்போது தொடங்குவது என்பதற்கு, ஒரு சொல்லை மக்கள் எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸைப் பார்க்கலாம், அதில் உங்கள் பகுதியைத் தேர்ந்து ஐந்து வருட வரைபடத்தை எடுத்தால் தேடல் ஏறத் தொடங்கும் வாரம் தெரியும். அந்த வரைபடத்தில் வரும் 0 முதல் 100 வரையிலான எண், தேடியவர்களின் எண்ணிக்கை இல்லை, உச்சத்தோடு ஒப்பிட்ட அளவு மட்டும்தான். ஆனால் இரண்டு வருட புக்கிங் நோட்டு கையில் இருந்தால் அதையே நம்புங்கள். எந்த வாரத்தில் முதல்முறையாக 'இன்று முடியாது' என்று சொன்னீர்கள் என்று தேடி எடுங்கள், அதற்கு ஆறு வாரம் முன்னால் காலண்டரில் ஒரு குறி போட்டு, பழைய கஸ்டமர்களுக்குச் செய்தி அனுப்பும் வேலையை யார் செய்வார் என்று பெயரோடு எழுதி வையுங்கள்.