மாத்திரையா, அப்லேஷனா: காத்திருக்கக்கூடியது எது?

இதயத் துடிப்புக் கோளாறுகள் பல வகை. அவற்றில் பலவற்றுக்கு எந்தச் சிகிச்சை நல்லது என்ற விவாதமே எழுவதில்லை. துடிப்பு மிகவும் மந்தமாகி மயக்கம் வருகிறதென்றால் பேஸ்மேக்கர்தான். நெடுங்காலத்துக்கு அதற்கு ஈடான மாத்திரை கிடையாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 180க்குத் தாவி, சற்று நேரத்தில் சட்டென்று அடங்கிவிடும் எஸ்விடி வகைக்கு, கோளாறு கிளம்பும் இடத்தை மெல்லிய குழாய் வழியே தழும்பாக்கும் அப்லேஷன் செய்தால் பெரும்பாலோருக்கு அதோடு தொல்லை தீர்கிறது. கீழறையில் கிளம்பும் உயிராபத்தான வேகத் துடிப்புக்கு, உடலுக்குள் பொருத்தி, மின்னதிர்ச்சியால் துடிப்பை மீட்கும் டிஃபிப்ரிலேட்டர் இருக்கிறது. உண்மையான போட்டி ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில்தான். இங்கே சிங்கப்பூரில் மருத்துவர்களும் தாதியரும் சுருக்கமாக ஏஎஃப் என்பார்கள்.

எனக்கு வந்தது அதுதான், வந்து வந்து போகும் வகை. மருத்துவர் இரண்டு வழிகளையும் விளக்கிவிட்டு முடிவை என்னிடமே விட்டார். நான் அப்லேஷனுக்குப் போனேன். ஆகவே என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஏஎஃப்பில் நடப்பது இவ்வளவுதான்: இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்குவதை விட்டுவிட்டு நிமிடத்துக்கு 350 முதல் 600 முறை வரை நடுங்குகின்றன. நடுவிலுள்ள ஏவி கணு அத்தனை சமிக்ஞைகளையும் கீழே விடாததால் உயிர் பிழைக்கிறோம். ஆனால் விடுகிற சிலவற்றிலும் ஒழுங்கு இருப்பதில்லை. படபடப்பு, மூச்சிரைப்பு, மாடிப்படியில் பாதி வழியில் நிற்பது எல்லாம் இதனால்தான். இந்த நடுக்கம் எங்கிருந்து கிளம்புகிறது என்பதற்கு 1998இல் பிரான்சின் போர்டோ நகரிலிருந்து தெளிவான விடை வந்தது. மிஷேல் ஹைசகேர் குழுவினர், நுரையீரலிலிருந்து இடது மேலறைக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகளின் வாய்ப்பகுதியில்தான் பெரும்பாலும் தீப்பொறி பிறக்கிறது என்று காட்டினார்கள். அந்தச் சிரைகளைச் சுற்றித் தழும்பு உண்டாக்கி, வயலுக்கு வரப்பு போடுவதைப் போல மின்சாரம் இந்தப் பக்கம் பாயாமல் தடுப்பதே அப்லேஷன். வெப்பத்தால் செய்யலாம், உறைகுளிரால் செய்யலாம், அண்மைக்காலமாக மிகக் குறுகிய மின்துடிப்புகளாலும் செய்கிறார்கள்.

ஒப்பிடத் தொடங்குமுன் ஒன்றைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை இந்தப் போட்டியில் எந்தப் பக்கத்தையும் சேர்ந்ததன்று. நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போனால் பக்கவாதம். ஏஎஃப் உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு. அபிக்ஸபான், ரிவராக்ஸபான் போன்ற மாத்திரைகள் அதற்காகவே. வயது 65ஐத் தாண்டியிருப்பது, ரத்த அழுத்தம், நீரிழிவு, இதயச் செயலிழப்பு, முன்பே வந்த பக்கவாதம் ஆகியவற்றைக் கணக்கிட்டுத்தான் அது யாருக்கு எவ்வளவு காலம் என்று முடிவு செய்கிறார்கள். அப்லேஷனுக்குப் பிறகும் குறைந்தது இரண்டு மூன்று மாதங்களுக்கு எல்லாரும் சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகு நிறுத்தலாமா என்பதை அந்த ஆபத்துக் கணக்குதான் சொல்லும், துடிப்பு சீராகிவிட்டதா என்பது மட்டும் போதாது. நீரிழிவு நம்மவர்களிடம் அதிகம் என்பதால், 'அப்லேஷன் செய்துகொண்டால் எல்லா மாத்திரையையும் தூக்கிப் போட்டுவிடலாம்' என்ற நம்பிக்கையோடு போகிறவர்களில் பலர் ஏமாறுவார்கள்.

இனி மாத்திரைப் பக்கம். இதில் இரண்டு குறிக்கோள்கள் உண்டு. ஒன்று, துடிப்பு ஒழுங்கற்று இருந்தால் இருக்கட்டும், வேகத்தை மட்டும் அடக்குவது. பிசோபுரோலால் போன்ற பீட்டா தடுப்பான்கள் இந்த வேலையைச் செய்கின்றன. நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ரேஸ் 2 ஆய்வில், ஓய்வில் 110க்குக் கீழே வைத்திருந்தவர்கள், இன்னும் கடுமையாக அடக்கப்பட்டவர்களைவிட மோசமாகிவிடவில்லை. ஆக, தொந்தரவே தெரியாதவருக்கு இது மலிவான, எளிய வழி.

இன்னொன்று, துடிப்பின் ஒழுங்கையே மீட்பது. இதற்கான மாத்திரைகளுக்கு ஆளாளுக்கு நிபந்தனை உண்டு. ஃப்ளெகெய்னைடு நன்றாக வேலை செய்யும். ஆனால் இதய நாள அடைப்போ இதயத் தசைக் கோளாறோ இருப்பவருக்குக் கொடுக்க மாட்டார்கள், மற்றவர்களுக்கும் பெரும்பாலும் பீட்டா தடுப்பானோடு சேர்த்தே கொடுப்பார்கள். சோடலால் தொடங்கினால் ஈசிஜியில் ஒரு குறிப்பிட்ட இடைவெளி நீள்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாவற்றிலும் வலிமையானது அமியோடரோன். வலிமைக்கேற்ற வரியும் அதற்கு உண்டு: அதில் அயோடின் நிறைய இருப்பதால் தைராய்டு சுரப்பு கூடவோ குறையவோ செய்யலாம், கல்லீரல், நுரையீரல், கண் மூன்றையும் கண்காணிக்க வேண்டும், தோல் வெயில் தாங்காது. ஆண்டு முழுதும் வெயில் காயும் சிங்கப்பூரில் இந்தக் கடைசிக் குறையைச் சிறியதென்று சொல்ல மாட்டேன். உடலிலிருந்து அது முழுமையாக வெளியேற மாதக்கணக்காகும் என்பதால், ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்தினாலும் உடனே விடுதலை இல்லை.

மாத்திரைக்குக் கத்தியில்லை, அப்லேஷனுக்கு ஆபத்து உண்டு என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. என் முடிவைத் தீர்மானித்தது அதுவன்று. இரண்டில் எதைத் தள்ளிப்போட்டால் அதன் மதிப்பு குறையும் என்ற கேள்விதான்.

1995இல் நெதர்லாந்தின் மாஸ்டிரிக்ட் நகரில் ஆடுகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஆட்டின் மேலறையில் செயற்கையாக நடுக்கத்தை உண்டாக்கினால் தொடக்கத்தில் சில நொடிகளில் அது தானே நின்றுவிடும். மீண்டும் மீண்டும் உண்டாக்கிக்கொண்டே இருந்தபோது நிற்க மேலும் மேலும் நேரமானது; கடைசியில் பெரும்பாலான ஆடுகளில் நிற்கவே இல்லை. நடுக்கம் தன் இருப்பிடத்தைத் தானே வசதியாக்கிக்கொள்கிறது. மனிதரிலும் மேலறை மெல்ல விரிந்து, தசையில் நார் படிகிறது. வந்து போகும் ஏஎஃப், வந்தால் போகாத ஏஎஃப்பாக மாறுகிறது. அந்த நிலையில் அப்லேஷன் செய்தால் பலன் கிடைக்கும் வாய்ப்பு குறைவு. சிரைகளைச் சுற்றிய தழும்பு மட்டும் போதாமல் போய்விடும்.

கனடாவில் நடந்த எர்லி ஏஎஃப் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. அதுவரை ஒழுங்கு மாத்திரை எடுக்காத 303 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து, ஒரு சாராருக்கு முதலிலேயே உறைகுளிர் அப்லேஷன், மறு சாராருக்கு மாத்திரை. ஓராண்டில் துடிப்புக் கோளாறு திரும்பியது அப்லேஷன் பக்கம் 42.9 விழுக்காட்டினருக்கு, மாத்திரைப் பக்கம் 67.8 விழுக்காட்டினருக்கு. முதல் எண்ணைப் பார்த்தே சிலர் முகம் சுளிப்பார்கள், நானும் சுளித்தேன். ஆனால் அங்கே எல்லாருக்கும் தோலுக்கடியில் கருவி பொருத்தி, அரை நிமிட நடுக்கத்தைக்கூடக் கணக்கில் எடுத்தார்கள். என்னை அசைத்தது அதே ஆய்வின் மூன்றாண்டுத் தொடர்ச்சி. நிலையான ஏஎஃப்பாக முற்றியவர்கள் அப்லேஷன் பக்கம் 1.9 விழுக்காடு, மாத்திரைப் பக்கம் 7.4 விழுக்காடு. இரண்டு பக்கமும் எண் சிறியதுதான். ஆனாலும் ஐம்பதுகளில் இருப்பவனுக்கு மூன்றாண்டு என்பது கணக்கின் தொடக்கம் மட்டுமே.

மாத்திரையை எந்த வயதிலும் தொடங்கலாம். 70இலும் பிசோபுரோலால் அதே வேலையைத்தான் செய்யும். அப்லேஷன் அப்படிக் காத்திருக்காது. இரண்டில் கெட்டுப்போகக்கூடியதை முதலில் பயன்படுத்துவதுதான் எனக்கு நியாயமாகப்பட்டது.

எதிர்த்தரப்பிலும் கனமான சான்றுகள் இருக்கின்றன. 2019இல் வெளியான கபானா ஆய்வில் 2,204 பேர் கலந்துகொண்டார்கள். மரணம், முடக்கும் பக்கவாதம், கடும் ரத்தக்கசிவு, இதயநிறுத்தம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது அப்லேஷன் மாத்திரையைத் தெளிவாக வெல்லவில்லை. வாழ்க்கைத் தரத்தில்தான் மேலாக இருந்தது. ஆகவே ஆயுளைக் கூட்டிக்கொள்ளப் போகிறேன் என்று யாராவது சொன்னால், அதற்கு ஆதாரம் எல்லாருக்கும் பொருந்துவதில்லை. இன்னொரு நெருடல்: 2020இல் வந்த ஈஸ்ட் ஆய்வு, நோய் கண்டறிந்த ஓராண்டுக்குள் ஒழுங்கை மீட்க முயன்றால் இதய நோயால் வரும் மரணமும் பக்கவாதமும் குறைவதைக் காட்டியது; ஆனால் அதில் பெரும்பாலோருக்குக் கொடுக்கப்பட்டது மாத்திரைதான். எனவே 'சீக்கிரம்' என்பது அப்லேஷனுக்கு மட்டும் சொந்தமான நன்மையன்று. மாத்திரையையே தேர்ந்தாலும் தாமதிக்காதீர்கள் என்றுதான் அதைப் படிக்கிறேன்.

அப்லேஷன் அனுபவம் சாதாரணமானதே. மயக்கத்தில் வைத்துத் தொடை இடுக்கிலுள்ள சிரை வழியாக மெல்லிய குழாய்களைச் செலுத்துகிறார்கள். விழித்த பிறகு சில மணி நேரம் காலை மடக்காமல் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். எனக்கு அதுதான் பெரும் தண்டனையாக இருந்தது. தொடையில் கன்றிப்போன நீலம் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் மறைந்தது. முதல் இரண்டு மூன்று மாதங்களில் படபடப்பு வந்தால் அதைத் தோல்வியாகக் கணக்கிட மாட்டார்கள். தழும்பு ஆறும் காலம் அது. எனக்கும் வந்தது, பிறகு அடங்கியது. இன்றுவரை அடங்கியிருக்கிறது என்பதற்கு மேல் சொல்ல எனக்கு ஆண்டுகள் போதவில்லை. சிலருக்கு இரண்டாம் முறையும் தேவைப்படுகிறது.

ஆபத்துகளில் இதய உறைக்குள் ரத்தம் கசிவது நூற்றில் ஒருவருக்கு அருகில் நேர்கிறது; அதை அங்கேயே கவனித்துவிடுவார்கள். அதைவிட மிக அரிதானது இடது மேலறைக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே துளை விழுவது. அரிது என்றாலும் உயிரைக் குடிக்கக்கூடியது, வீடு திரும்பிச் சில வாரங்கள் கழித்து வருவது. அந்தக் காலத்தில் காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, பேச்சுக் குழறல் எது வந்தாலும் பக்கத்துக் கிளினிக்கில் காய்ச்சல் மருந்து வாங்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், முதல் வாக்கியத்திலேயே 'எனக்கு அப்லேஷன் நடந்திருக்கிறது' என்று சொல்ல வேண்டும். மின்துடிப்பு முறையில் உணவுக்குழாயும் நரம்பும் பெரும்பாலும் தப்பிக்கின்றன. கோளாறைத் தடுப்பதிலும் அது பழைய முறைகளுக்குக் குறைந்ததாக இல்லை. நான் செய்துகொண்டது உறைகுளிர் முறை என்பதால் புதியதைப் பற்றி அனுபவமாகச் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் புளோக்கில் இருக்கும் அண்ணன் ஒருவர் என் முடிவை இன்றும் ஏற்கவில்லை. எழுபதைத் தாண்டியவர், பல ஆண்டுகளாக அவருக்கு ஏஎஃப் நிலையாகவே இருக்கிறது, மேலறையும் விரிந்துவிட்டது. "எனக்கு நெஞ்சில் ஒன்றுமே தெரியவில்லை, தம்பி. தூங்குகிறதைப் போய் எதற்குத் தட்டி எழுப்ப வேண்டும்?" என்பார். அவர் இடத்தில் நான் இருந்தால் அவர் செய்வதைத்தான் செய்வேன்: வேகத்துக்கு ஒரு மாத்திரை, உறைவுக்கு ஒரு மாத்திரை, காலையில் கோப்பிக் கடை, மாலையில் நடை. கெட்டுப்போகும் பண்டம் அவர் கையில் ஏற்கெனவே இல்லை.

பராமரிப்பு இரு பக்கமும் ஒன்றேதான். எடை, ரத்த அழுத்தம், குறட்டையோடு மூச்சு நின்று எழும் தூக்கக் கோளாறு, மது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 2015இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து அதைத் தக்கவைத்தவர்களுக்கு ஏஎஃப் இல்லாமல் இருக்கும் வாய்ப்பு ஆறு மடங்கு கூடியிருந்தது. தேக்கா உணவங்காடியில் என் தட்டிலிருந்த பரோட்டா பாதியாகிப்போனது இந்த எண்ணால்தான். மருத்துவர் மிரட்டியதால் அல்ல.

செலவைப் பற்றிச் சுருக்கமாக: அப்லேஷனுக்கு ஒரே மூச்சில் பெரிய தொகை, மாத்திரைக்கு ஆண்டுதோறும் சிறிய தொகை. மெடிசேவ் சேமிப்பும் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் எவ்வளவு தாங்கும் என்பது வார்டு வகுப்பைப் பொறுத்தது. கட்டண மதிப்பீட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பயன்படுத்தும் கருவிகளின் விலையும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உதவித்தொகைக் கட்டணத்தில் இதய நிபுணரைப் பார்க்கப் பொதுவாகப் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) போன்ற இடத்தின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கடிதத்துக்கும் நிபுணருக்கும் இடையே ஒரு வரிசை, நிபுணருக்கும் அப்லேஷன் நாளுக்கும் இடையே இன்னொரு வரிசை. 'இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்' என்று மருத்துவர் சொன்னால் தவறில்லை. ஆனால் இடது மேலறையின் அளவு இப்போது என்ன, அடுத்த எக்கோ (இதயத்தின் ஒலியலைப் படம்) எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நான் அந்த வரிசைகளில் நின்ற காலம் முழுதும் ஃப்ளெகெய்னைடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த வேலையை அது குறையில்லாமல் செய்தது.