கொத்து விழும் இடத்தைப் பாருங்கள்: கோழிகளின் இறகுப் பிடுங்கலுக்கு எந்த வழி சரி?

ஐந்தாறு கோழி வளர்க்கும் வீட்டில் ஒன்று மட்டும் முதுகு மொட்டையாகி மூலையில் ஒடுங்கி நின்றால், ஆளுக்கொரு வழி சொல்வார்கள். அடிபட்டதைப் பிரித்து வை, கொத்துவதைப் பிடித்து அடை, தீனியை மாற்று, அலகை வெட்டு. இவற்றில் எதையும் தொடங்கும் முன் சிறிது நேரம் உட்கார்ந்து, கொத்து உடம்பில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பேனும் செள்ளும் இருக்கின்றனவா என்று இறகை விலக்கியும் பார்த்துவிடுங்கள். சேவல் மிதித்தும் முதுகு இறகு உதிரும்.

தலையிலும் கொண்டையிலும் விழுந்தால் அது அதிகாரச் சண்டை. யார் முந்தித் தின்பது என்று கோழிகளுக்குள் ஒரு வரிசை உண்டு. நார்வேயைச் சேர்ந்த தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே 1920களின் தொடக்கத்திலேயே இதை ஆராய்ந்து எழுதினார். முதுகிலும் வாலடியிலும் விழும் கொத்து வேறு சங்கதி. அங்கே சண்டையே இருக்காது. ஒரு பெட்டை சாவகாசமாகப் பின்னால் வரும், ஓர் இறகைக் கவ்வி இழுக்கும், அப்படியே விழுங்கிவிடும். புதிதாக முளைக்கும் குருத்து இறகின் அடியில் ரத்தம் ஓடுவதால், அதைப் பிடுங்கினால் சிவப்பு தெரியும். சிவப்பைக் கண்டால் மற்றவையும் கூடிவிடும்.

அதிகாரச் சண்டைக்கு, அடிபட்டதைப் பிரிப்பதைவிட அடிப்பதைப் பிரிப்பதே மேல். அடிபட்ட கோழியைப் பல நாள் தனியே வைத்துத் திருப்பி விட்டால், அது புதிதாக வந்த கோழி போலாகி மறுபடி கடைசி இடத்துக்கே போகும். அடாவடிக் கோழியை மற்றவற்றின் கண்ணில் படாத இடத்தில் சில நாள் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். அதற்குள் மற்றவை தங்களுக்குள் வரிசையை மாற்றிக்கொள்ளும். ரத்தக் காயம் இருந்தால் மட்டும் அடிபட்டதையும் உடனே பிரித்தாக வேண்டும். குறிப்பாகக் கழிவாய்க் காயத்தில் தாமதம் கூடாது, குடலையே இழுத்துவிடும். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்துத் தடவி, கம்பிவலைக்கு இந்தப்புறம், கூட்டத்தின் பார்வையிலேயே வைத்தால் திரும்பிச் சேர்வது எளிது.

இறகு தின்னும் கோழியை அடைத்து வைப்பது மட்டும் பலன் தராது. அதற்குக் குறை தீனியிலும் வேலையிலும் இருக்கிறது. இறகு பெரும்பகுதி புரதம்தான். முட்டையிடும் கோழியின் தீனியில் 16 சதவீதம் அளவுக்குப் புரதம் வேண்டும். அரிசிக் குருணையில் அதில் ஏறக்குறைய பாதிதான் இருக்கிறது. பழைய சோறும் குருணையுமாக வளரும் கோழிகளுக்குக் கருவாட்டுத் தூள், கரையான், பூஞ்சை பிடிக்காத கடலைப் புண்ணாக்கு என்று எதையாவது சேர்த்தே தீர வேண்டும். உப்புக் குறைந்தாலும் கொத்துவது கூடும். தானியத்தைத் தட்டில் கொட்டாமல் வைக்கோலில் தூவிவிடுங்கள். முருங்கைக் கொத்தைக் கழுத்து எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். அலகுக்கு நாள் முழுவதும் வேலை கிடைக்கும். இந்த நான்கு வழிகளில் எனக்கு முழு நம்பிக்கை உள்ளது இதில்தான். பலன் தெரிய வாரங்கள் ஆகும், பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

அலகு வெட்டுவதை நான் ஏற்கவில்லை. அலகின் நுனியில் நரம்புகள் ஓடுகின்றன; வெட்டிய வலி நெடுநாள் நீடிக்கக்கூடும். சுவீடனும் நார்வேயும் இதைத் தடை செய்திருக்கின்றன. ஆயிரக்கணக்கில் அடைத்து வளர்க்கும் பண்ணைக்கு ஒரு காரணம் இருக்கலாம், ஆறு கோழிக்கு எந்தக் காரணமும் இல்லை. மேய்ந்து தின்னும் கோழிக்கு அலகுதான் கை. மூக்கைத் துளைத்து மாட்டும் கண்மறைப்பும் வேண்டாம்.

இடத்தையும் கவனியுங்கள். தீனியும் தண்ணீரும் இரண்டு இடங்களில் இருந்தால், வலியது ஒன்றை மறித்தாலும் எளியது மற்றொன்றுக்கு ஓடலாம். ஒதுங்க ஒரு சாய்த்த பலகை போதும். இவ்வளவும் செய்த பிறகும் ஒரே பெட்டை ரத்தம் பார்த்துக்கொண்டிருந்தால், அதைக் கூட்டத்திலிருந்து எடுத்துவிடுவதுதான் மற்றவற்றுக்குச் செய்யும் நியாயம்.