இண்டிகோவா, ஏர் இந்தியாவா, ஆகாசாவா? வேலூர்ப் பக்கத்து இளம் விமானிகளுக்கு ஒரு ஒப்பீடு

200 மணி நேரம் பறந்து கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்கிய பிள்ளையிடம் வீட்டில் கேட்கும் முதல் கேள்வி, "சம்பளம் எவ்வளவு வரும்?" கேட்பதில் தப்பே இல்லை. பயிற்சி, டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட ரக விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி) எல்லாம் சேர்ந்து ஒரு கோடியை நெருங்கிவிடுகிறது. குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ அந்தப் பணத்துக்காக நிலப்பத்திரம் பேங்கில் இருக்கும். ஆனாலும் கம்பெனிகளை எடை போடும்போது சம்பளத்தை நான் கடைசியில்தான் வைப்பேன். முதலில் பார்க்க வேண்டியது சீனியாரிட்டி.

எந்த ஊரில் பேஸ் (டியூட்டி தொடங்கி முடியும் ஊர்), தீபாவளிக்கு லீவு உண்டா, எந்த விமானம், எப்போது கேப்டன் ஆகலாம் என்பதையெல்லாம் பெரும்பாலும் தீர்மானிப்பது கம்பெனியில் சேர்ந்த தேதிதான். கம்பெனி மாறினால் பறந்த மணி நேரம் கூடவே வரும், சீனியாரிட்டி வராது. கேப்டன் ஆவதற்கான ஏ.டி.பி.எல் லைசென்ஸுக்கு 1500 மணி நேரம் போதும். ஆனால் கம்பெனிக்குப் புது விமானங்கள் வந்துகொண்டிருந்தால்தான் கேப்டன் இடம் காலியாகும். கேப்டன் சம்பளம் கோ-பைலட் சம்பளத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் முதல் மாதச் சம்பளத்தில் இருபதாயிரம் கூடக்குறைய இருப்பதை விட, இரண்டு வருடம் முன்னதாகக் கேப்டன் ஆவது கடனை வேகமாக அடைக்கும்.

இந்தக் கணக்கில் இண்டிகோ முன்னால் நிற்கிறது. 2006-இல் பறக்கத் தொடங்கிய கம்பெனி, 2023 ஜூனில் ஒரே தடவையில் 500 ஏர்பஸ் விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. சென்னை, பெங்களூரு இரண்டிலும் பேஸ் இருக்கிறது. வேலைப்பளு மட்டும் கடுமை. வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக்கி, இரவு லேண்டிங்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்த புது விதிகளுக்குத் தேவையான விமானிகள் கையில் இல்லாமல், 2025 டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது. சேரப் போகிறவர்கள் இதை இரண்டு விதமாகவும் படிக்க வேண்டும். ரோஸ்டர் (டியூட்டி அட்டவணை) இறுக்கமாக இருக்கும், ஆட்களும் தேவைப்படுவார்கள்.

ஏர் இந்தியாவின் பலம் பெரிய விமானங்கள். 777, 787, ஏ350 ஓட்ட வேண்டும், நியூயார்க்கும் லண்டனும் போக வேண்டும் என்று ஆசைப்படுபவர்களுக்கு அதுதான் இயல்பான இடம். ஆனால் நீண்ட தூரப் பயணங்கள் பெரும்பாலும் டெல்லி, மும்பையிலிருந்துதான் கிளம்புகின்றன. இன்னொன்றும் இருக்கிறது. 2022 ஜனவரியில் டாடா கைக்கு வந்து, 2024 நவம்பரில் விஸ்தாராவும் இணைந்த பிறகு, தனித்தனியாக இருந்த சீனியாரிட்டி வரிசைகளை ஒன்றாக்க வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே, அந்த வருட ஏப்ரலில், மாதம் 40 மணி நேரம் பறப்பதற்கான சம்பளத்துக்கு மட்டும் உத்தரவாதம் தந்த புதுச் சம்பள முறையை எதிர்த்து விஸ்தாரா விமானிகள் கொந்தளித்தார்கள். ஆஃபர் லெட்டரில் முதலில் தேட வேண்டிய எண் இந்த உத்தரவாத மணி நேரம்தான். மாதச் சம்பளம் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும், பறந்தால்தான் கிடைக்கும் பகுதி அதில் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆகாசா 2022 ஆகஸ்டில் தொடங்கியது. சீனியாரிட்டி வரிசை சின்னது, கம்பெனி வளர்ந்தால் மேலே இருப்பீர்கள். இருப்பது போயிங் 737 மேக்ஸ் விமானம் மட்டும். போயிங் விமானங்களைத் தாமதமாகத் தந்ததால், வேலைக்கு எடுத்த விமானிகள் பலர் பறக்காமல் காத்திருந்தார்கள். கடன் வாங்கிப் படித்தவருக்கு அந்தக் காத்திருப்பு கட்டுப்படியாகாது.

கம்பெனி நிலைக்குமா என்ற கேள்வியைத் தள்ளிவைக்கவே கூடாது. 2012-இல் கிங்ஃபிஷர், 2019-இல் ஜெட் ஏர்வேஸ், 2023-இல் கோ ஃபர்ஸ்ட் எல்லாம் நின்றன. அந்த நாளோடு பல வருட சீனியாரிட்டி ஒன்றுமில்லாமல் போனது. அப்போது கை கொடுப்பது டைப் ரேட்டிங். ஏர்பஸ் ஏ320 ஓட்டத் தெரிந்தவர்கள் இண்டிகோ, ஏர் இந்தியா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் என்று மூன்று கதவுகளைத் தட்டலாம்.

பேஸ் விஷயத்தில் நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு. காட்பாடியிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயில் இருந்துகொண்டே இருக்கிறது, லீவு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் ஸ்டாண்ட்பை (கூப்பிட்டால் உடனே போக வேண்டிய) நாளில் சத்துவாச்சாரியில் உட்கார்ந்திருக்க முடியாது. பூந்தமல்லி டிராஃபிக்கைத் தாண்டி மீனம்பாக்கம் போவதற்குள் டியூட்டி நேரம் போய்விடும். பல்லாவரம் பக்கம் அறை வாடகையைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலூர் விமான நிலையம் இருக்கும் அப்துல்லாபுரத்தில் உடான் (மத்திய அரசின் சிறு நகர விமானத் திட்டம்) விமானம் வந்து இறங்கினாலும் அது பேஸ் ஆகாது.

என் தீர்ப்பு இதுதான். அனுபவமில்லாமல், கடனோடு முதல் வேலை தேடுகிறவருக்கு இண்டிகோ, சென்னை அல்லது பெங்களூரு பேஸ். டெல்லி வாழ்க்கைக்கு மனமிருந்து, பெரிய விமானமே லட்சியம் என்றால் ஏர் இந்தியா. கையில் 737 ரேட்டிங் இருந்து, கடன் நெருக்கடி இல்லாதவர் ஆகாசாவை யோசிக்கலாம். வருமான வரி இல்லாத துபாய் வேலை எல்லோரையும் இழுக்கும், ஆனால் எமிரேட்ஸ் கேட்பது அனுபவம். கேப்டன் ஆன பிறகு அதை யோசிப்பதே நல்லது.

எதில் சேர்ந்தாலும் பாண்ட் (இத்தனை வருடம் வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம்) தொகை, அது எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கி, பெற்றோரோடு உட்கார்ந்து படியுங்கள். 2017 விதிப்படி கோ-பைலட் ஆறு மாதமும் கேப்டன் ஒரு வருடமும் நோட்டீஸ் தர வேண்டும். 2023-இல் நோட்டீஸ் முடியுமுன் 43 விமானிகள் விலகியபோது, ஆகாசா அவர்கள் மேல் கோர்ட்டுக்கே போனது.