மஞ்சள் அட்டையும் ஒரு காலிக் கட்டமும்: மாற்றுத்திறன் மதிப்பீட்டு முகாம் அனுபவம்

மாற்றுத்திறனாளிகளுக்கான மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்கு என் அம்மாவை அழைத்துச் சென்ற அனுபவத்தையும், அதன் முடிவை எதிர்த்து மனு கொடுத்த அனுபவத்தையும் இங்கே எழுதுகிறேன். பந்தலூர், கூடலூர்ப் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்து இதற்காக மலையேறப் போகிறவர்களுக்குப் பயன்படலாம். எந்த அலுவலகம், எந்த மருத்துவமனை என்று குறிப்பிடவில்லை. அங்கே இருப்பவர்கள் இடமாறுதலில் போய்விடுவார்கள். நான் சொல்லவரும் குறையோ முறையில் இருக்கிறது.

அம்மாவுக்கு வயது 71. சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி எழுபதுகளில் இலங்கையிலிருந்து வந்து, முப்பது வருடங்களுக்கு மேல் தேயிலைக் கொழுந்து பறித்தவர். இரண்டு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. நாம் பேசுவது அவருக்கு நன்றாகப் புரிகிறது. பதிலுக்கு மட்டும் 'அது' என்ற ஒரே சொல்தான் வருகிறது. தண்ணீர் வேண்டுமென்றாலும் அது, கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றாலும் அது, அண்ணன் திருப்பூரிலிருந்து எப்போது வருவான் என்று கேட்பதற்கும் அதே அது. எந்த 'அது' என்று கண்டுபிடிப்பதுதான், பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கும் எனக்கு இப்போது முழுநேர வேலை.

விண்ணப்பிப்பதில் பெரிய சிரமம் இல்லை. இ-சேவை மையத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்குப் பதிவு செய்தோம். தாயகம் திரும்பிய குடும்பங்களில் வழக்கம்போல அம்மாவின் பிறந்த தேதி மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு மாதம் போனது. அதற்கு முகாம்காரர்களைக் குறை சொல்ல முடியாது.

நாங்கள் இருக்கும் லயத்திலிருந்து (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பிரதான சாலை வரை ஜீப், அங்கிருந்து ஒரு வாடகைக் காரில் தேவாலா, நாடுகாணி, கூடலூர், நடுவட்டம், பைக்காரா வழியாக ஊட்டி. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பியும் எங்களுக்கு 64ஆம் எண் டோக்கன்தான் கிடைத்தது. வழியிலேயே அம்மா இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தார். சக்கர நாற்காலி இரண்டே இருந்ததால், ஒருவர் இறங்கும் வரை இன்னொருவர் காத்திருக்க வேண்டியிருந்தது. நடக்க முடியாதவர்களுக்கென்றே நடத்தப்படும் முகாமில் இதை முன்கூட்டியே யோசித்திருக்கலாம். ஆனால் ஒருவரும் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை, மருத்துவர் முகம் சுளிக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

மதியம் ஒன்றரை மணிக்கு உள்ளே போனோம். எலும்பு முறிவு மருத்துவர் அம்மாவைப் பார்த்து, "பேர் என்னம்மா?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் பெயரைச் சொல்லிவிட்டேன். "எப்ப வந்துச்சு இது?" அதற்கும் நானே பதில் சொன்னேன். கையைத் தூக்கச் சொன்னார், முழங்காலை மடக்கிப் பார்த்தார், விரல்களைப் பிரித்துப் பார்த்தார், எழுதினார். நான்கு நிமிடம் ஆகியிருக்கலாம். எழுந்து வரும்போது அம்மா என் கையைப் பிடித்து இழுத்து 'அது, அது' என்றார். வெளியே வந்து காருக்கு வழி கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்போது அது புரியவில்லை.

சில வாரங்களில் 70 சதவீதப் பாதிப்பு என்று சான்று வந்தது. அட்டையின் நிறம் மஞ்சள். 2024இல் திருத்தப்பட்ட விதிகளின்படி 40 முதல் 80க்குக் கீழ் வரை மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம். தமிழக அரசு கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். அதற்கு 75 சதவீதம் வேண்டும். வருவாய்த் துறையின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியமான 1,500 ரூபாய்க்கு முயன்று பாருங்கள் என்றார்கள்; அந்த ஆலோசனை நியாயமானதே. ஆனாலும் இரவில் மூன்று முறை எழுப்பித் தூக்கி உட்கார வைக்க வேண்டிய ஒருவர் எப்படிக் கடும் பாதிப்பு இல்லாதவர் ஆனார் என்பதை அறிய விரும்பினேன். சான்றில் மொத்தக் கணக்கு இருந்ததே தவிர, அது வந்த வழி இல்லை.

பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மதிப்பீட்டுத் தாளின் நகலைக் கேட்டேன். முப்பது நாள் கெடு முடிகிற சமயத்தில் வந்து சேர்ந்தது. வலது கைக்கும் வலது காலுக்கும் மதிப்பெண் தெளிவாக இருந்தது. பேச்சு, மொழி என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. ஒரு கோடுகூடப் போடவில்லை. அன்று முகாமுக்குப் பேச்சு, செவித்திறன் ஆய்வாளர் வரவில்லை என்பது பிறகு விசாரித்ததில் தெரிந்தது.

இந்தக் கட்டம் சாதாரணமானதல்ல. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பு ஏழாக இருந்த மாற்றுத்திறன் வகைகளை 21 ஆக்கியது. நரம்புக் காரணத்தால் பேச்சிழப்பதும் அவற்றில் அடங்கும். இரண்டு குறைபாடுகள் இருந்தால், பெரிய எண்ணை 90இல் கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, வருவதைப் பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும். பேச்சுக்கு வெறும் 30 போட்டிருந்தாலும், 20ஐ 30ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால் ஆறரைக்கு மேல் வருகிறது. 70உடன் சேர்த்தால் 76ஐத் தாண்டிவிடுகிறது. எழுதப்படாத ஒரு கட்டத்தின் விலை மாதம் 2,000 ரூபாய். அதில் என் பங்கும் உண்டு: அம்மாவிடம் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் இருந்திருந்தால், மருத்துவரே கவனித்திருப்பார்.

திங்கட்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து ரசீது வாங்கினேன். முதல்வரின் உதவி மைய எண்ணான 1100இலும் பதிவு செய்தேன். இரண்டும் எந்த மேசையைப் பற்றிப் புகார் செய்தேனோ அதே மேசைக்குத்தான் போய்ச் சேர்ந்தன. 'மனுதாரருக்கு விதிகளின்படி சான்று வழங்கப்பட்டுள்ளது' என்ற ஒரே வரியில் இரண்டும் முடித்துவைக்கப்பட்டன. இந்தச் சேவையில் எனக்கு மிகப் பெரிய ஏமாற்றம் இதுதான். முகாமில் காத்திருந்ததைக்கூட மறந்துவிடலாம்.

இங்கிலாந்தில் முதியோர் இல்லத்தில் பணிபுரியும் என் சித்தி மகள், அங்கே உள்ளாட்சி மன்றங்கள் செய்யும் மதிப்பீட்டைப் பற்றியும் புகார்கள் உண்டு, காத்திருப்பு நீளமானது என்று சொல்வாள். ஆனால் அங்குள்ள 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் கை கால்களுக்குச் சதவீதம் போடுவதில்லை. சாப்பிடுவது, குளிப்பது, கழிப்பறைக்குப் போவது, உடுத்துவது, உறவுகளோடு தொடர்பு வைத்திருப்பது எனப் பத்து அன்றாடக் காரியங்களைப் பார்க்கிறது. கவனித்துக்கொள்பவருக்கும் தனி மதிப்பீடு உண்டு. முடிவை எழுத்தில் தர வேண்டும். மன்றத்தின் பதில் திருப்தி இல்லை என்றால், அதற்கு வெளியே இருக்கும் குறைகேள் அதிகாரியிடம் கட்டணம் இல்லாமல் போகலாம். நம் சட்டத்திலும் இதற்கு வித்து இல்லாமல் இல்லை. 38ஆம் பிரிவின்படி கூடுதல் ஆதரவு தேவைப்படுகிறவர், அல்லது அவர் சார்பில் இன்னொருவர், மதிப்பீட்டு வாரியத்தின் பார்வைக்கு விண்ணப்பிக்கலாம். முகாமில் அந்தப் பிரிவைப் பற்றி நான் கேட்ட மூன்று பேருமே அப்படி ஒரு படிவத்தைப் பார்த்ததில்லை என்றார்கள்.

அம்மாவின் நிலையை உண்மையில் மதிப்பிட்டவர், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் லயத்துக்கு வரும் இயன்முறைப் பயிற்சியாளர்தான். வந்த முதல் நாளே கட்டிலின் உயரத்தைப் பார்த்தார், கழிப்பறை வீட்டுக்கு வெளியே எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று நடந்து பார்த்தார், ராத்திரியில் யார் தூக்குகிறார்கள் என்று கேட்டார். அவர் எழுதுவதற்கோ சதவீதம் எதுவும் கிடையாது. முகாமுக்கு முன்பு அவருடைய குறிப்பை ஒரு முறை வாங்கிப் பார்த்தாலே பாதிப் பிழை குறையும் என்பது என் எண்ணம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவின் கீழ், சான்றின் மீது மேல்முறையீடு செய்யலாம். மதிப்பீட்டுத் தாளின் நகல், பக்கவாதத்துக்குச் சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரி, வீட்டில் எடுத்த இரண்டு நிமிட வீடியோவின் குறிப்பு ஆகியவற்றை இணைத்து அனுப்பினேன். வாய்மொழியாகச் சொல்வதைக் கேட்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது என்பதால், போகிறவர்கள் எல்லாவற்றையும் தாளாக எடுத்துச் செல்லுங்கள். பேச்சு, செவித்திறன் ஆய்வாளர் வரும் நாள் எது என்று முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

மறுமதிப்பீட்டுக்கு அடுத்த மாதம் தேதி தந்திருக்கிறார்கள். காருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. இந்த முறை அம்மாவிடம் பெயர் கேட்டால், அவர் வாயிலிருந்து 'அது' வரும் வரை நான் பேசப் போவதில்லை.