ஆறு ஞாயிறு, 4,500 ரூபாய்: ஒரு ஜிடி வகுப்பு பற்றி

கேம்பஸ் பிளேஸ்மென்டில் இரண்டு கம்பெனிகள் ஜிடி எனும் குழு விவாத ரவுண்டிலேயே என்னைக் கழற்றி விட்டன. முதல் இடத்தில் பதினைந்து நிமிடமும் வாயே திறக்கவில்லை. இரண்டாவது இடத்தில், சரி இந்தத் தடவை விடக்கூடாது என்று நானே முந்திக்கொண்டு ஆரம்பித்தேன், ஆரம்பித்ததோடு சரி, அப்புறம் நடந்த சந்தைக்கடையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதன் பிறகுதான் கோவை காந்திபுரத்தில் ஒரு மாடியில் நடக்கும் இந்த வகுப்பில் சேர்ந்தேன். குறையும் எழுதப் போகிறேன், அதனால் பெயர் வேண்டாம்.

முதல் நாள் சார் எதுவும் சொல்லித்தரவில்லை. 'வீட்டிலிருந்து வேலை நல்லதா' என்று தலைப்பைக் கொடுத்து எங்களில் பத்துப் பேரைப் பேசவிட்டு, ஒரு தாளில் வட்டமாகப் பெயர்களை எழுதி, யார் சொன்னதை யார் எடுத்துப் பேசினார்கள் என்று கோடு போட்டுக்கொண்டே வந்தார். முடிந்ததும் தாளைக் காட்டினார். நான் நாலு தடவை பேசியிருக்கிறேன், ஆனால் என் பெயரிலிருந்து யாருக்கும் ஒரு கோடுகூடப் போகவில்லை. அதாவது நான் சொன்னதை ஒருத்தரும் காதில் வாங்கவே இல்லை. இரண்டே தடவை பேசிய ஒரு பெண்ணிடமிருந்து ஐந்து கோடுகள். அவர் செய்தது இதுதான்: முன்னால் பேசியவரின் கடைசிப் பேச்சைப் பிடித்து, 'நீங்க சொன்ன பெட்ரோல் செலவோட வீட்டுல ஏறுற கரண்ட் பில்லையும் சேர்த்துப் பாருங்க' என்று அங்கிருந்தே தொடங்கினார். கொடுத்த காசில் பாதி எனக்கு அந்தத் தாளிலேயே வந்துவிட்டது.

மூன்றாவது வாரம் ராணுவ அதிகாரி தேர்வான எஸ்எஸ்பி-யில் வரும் படப் பயிற்சி. மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள், 4 நிமிடத்தில் கதை எழுத வேண்டும், பிறகு ஒவ்வொருவரும் ஒரு நிமிடத்தில் தன் கதையைச் சொல்லி, கடைசியில் குழுவாக ஒரே பொதுக் கதைக்கு வர வேண்டும். அவரவர் கதையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நாங்கள் போட்ட சண்டை இருக்கிறதே! இரண்டாம் சுற்றில் ஒருத்தன் தன் கதையை விட்டுவிட்டு, 'உன் டாக்டரும் இவளோட கிராமமும் ஒரே கதையில வரலாமே' என்றான், ஐந்து நிமிடத்தில் முடிந்தது. எஸ்எஸ்பி பக்கமே போகாதவர்களுக்கும் இதைச் சிபாரிசு செய்வேன்.

இனி குறைகள். பன்னிரண்டு பேர் பேட்ச் என்று சொல்லித்தான் பணம் வாங்கினார்கள், உள்ளே பத்தொன்பது பேர், பாதி நேரம் வேடிக்கை பார்த்தேன். அப்புறம் வகுப்பில் கொடுத்த புத்தகம். 'இப்படி ஆரம்பியுங்கள், இப்படி மறுத்துப் பேசுங்கள்' என்று பக்கம் பக்கமாக ரெடிமேட் ஆங்கில வாக்கியங்கள். நான்காம் வாரம் நாலு பேர் ஒரே வாக்கியத்தோடு ஆரம்பித்தார்கள், சிரிப்பை அடக்க முடியவில்லை. 2012 வாக்கில் எம்பிஏ சேர்க்கையில் ஐஐஎம்கள் பலவும் ஜிடியைக் கைவிட்டு எழுத்துச் சோதனைக்கு மாறியதற்கு இப்படி மனப்பாடம் செய்துவிட்டு வந்த கூட்டமும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

பெரிய வருத்தம் ஒன்று உண்டு. எங்களில் பாதிப் பேர் தமிழ் மீடியம். ஐந்து வாரம் கெஞ்சி, கடைசி ஞாயிறு பத்து நிமிடம் தமிழில் பேச அனுமதி வாங்கினோம். அதுவரை ஊமை மாதிரி உட்கார்ந்திருந்த பொள்ளாச்சிப் பையன் 'ஒரே நாடு ஒரே தேர்தல்' தலைப்பில், நடுவில் ஒரு மாநில ஆட்சி கவிழ்ந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு எல்லோரையும் திணறடித்தான். அவனுக்கு இருந்தது ஆங்கிலப் பிரச்சினை மட்டும்தான், அதை ஜிடி பயம் என்று நினைத்து ஐந்து வாரம் ஓட்டிவிட்டான். முதல் வாரமே ஒரு ரவுண்டு தமிழில் வைத்திருந்தால் யாருக்கு எது தேவை என்று அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். சாருக்காகப் போகலாம், பணம் கட்டும் முன் பேட்ச் அளவை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாவது கம்பெனி வந்தது, அவர்கள் ஜிடியே வைக்கவில்லை, நேராகக் கோடிங் டெஸ்ட். அந்தப் புத்தகம் மடிப்புக்கூடக் கலையாமல் என்னிடம் இருக்கிறது, வேண்டியவர்கள் சும்மாவே வாங்கிக்கொள்ளலாம்.